தீ பஞ்சை எரிக்கிறதா? கஸ்ஸாலி முதல் ஓத்ரகூர் வரை

வைகைக்கரை எழுதியது:

காரண காரியம் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் யாராவது ஒருவர் வந்து, "ஹ்யூம் சொன்னதை இமாம் கஸ்ஸாலி 11ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார். (ஹ்யூம் 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி. ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதைத்தான் காண்கிறோம், ஒன்று இன்னொன்றை விளைவிப்பதைக் காண்பதில்லை, அப்படி எதிர்பார்ப்பது நம் மனப்பழக்கம் என்றவர். கஸ்ஸாலி இஸ்லாமிய இறையியலாளர்.) இன்னொருவர், "14ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நிக்கொலா ஓத்ரகூர் என்று ஒருவர் இருந்தார், அவர்தான் இடைக்கால ஹ்யூம்" என்கிறார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியோடு நிறுத்தினால் விஷயத்தில் ருசியான பாதி போய்விடுகிறது.

என் கட்சி இதுதான். அந்தக் காலத்தில் 'தீ பஞ்சை எரிக்கிறதா?' என்பதும் 'எதிரே நிற்கும் மரத்தை நான் நிஜமாகவே பார்க்கிறேனா?' என்பதும் இரண்டு கேள்விகள் இல்லை, ஒரே கேள்விதான். பார்ப்பது என்றால் என்ன? மரம் எனக்குள் ஏதோ ஒன்றை விளைவிக்கிறது. தீயின் வேலையைக் கடவுளே நேரடியாகச் செய்துவிட முடியும் என்று ஒப்புக்கொண்டால், மரத்தின் வேலையையும் அவரே செய்துவிட முடியும் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் மரமே இல்லாமல் மரத்தைப் பார்க்கலாம். 1300க்குப் பிறகு ஐரோப்பாவில் ஒவ்வொருவராக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் திகைத்தார்கள்.

முதலில் கஸ்ஸாலி. பாக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் பெரிய பேராசிரியராக இருந்தபோது, 1095ஐ ஒட்டி, அரிஸ்டாட்டில் வழியில் வந்த தத்துவவாதிகளை மறுத்து 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' எழுதினார். மொத்தம் 20 விவாதங்கள். 17ஆவதில்தான் பஞ்சு வருகிறது. பஞ்சைத் தீயில் காட்டுகிறோம், கருகிச் சாம்பலாகிறது. நாம் கண்டது என்ன? தீ பட்டபோது எரிந்தது. தீயால் எரிந்தது என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. தண்ணீர் குடித்ததும் தாகம் தீர்வது, சாப்பிட்டதும் பசி அடங்குவது, கழுத்தை வெட்டியதும் உயிர் போவது எல்லாமே இந்த வகைதான். கடவுள் இரண்டையும் அடுத்தடுத்துப் படைக்கிறார், வழக்கமாக அப்படியே படைக்கிறார், அவ்வளவே என்கிறார்.

இதுவரை ஹ்யூம் மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் 1739இல் ஹ்யூம் எழுதும்போது தீயையும் பஞ்சையும் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மையும் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. கஸ்ஸாலியின் காட்சியில் ஒரு செய்பவர் நிற்கிறார். 'தீ உயிரற்றது, அதற்கு ஏது செயல்?' என்பதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு. காரணம் என்று ஒன்று உண்டு, அது தீ இல்லை என்பதே அவர் சொல்வது.

---

காயல்காற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். 17ஆவது விவாதத்தில் இரண்டு இடங்களைச் சேர்க்காமல் விட்டால் இமாமுக்கு நியாயம் செய்ததாகாது.

பிறவியிலேயே கண்ணில் திரை மூடிய ஒருவர். இரவு என்றும் பகல் என்றும் இரண்டு உண்டு என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. ஒரு பகலில் திரை விலகுகிறது, இமை திறக்கிறார், நிறங்கள் தெரிகின்றன. 'என் கண் திறந்ததுதான் காரணம். கண் நன்றாக இருந்து, திறந்திருந்து, எதிரே பொருளும் இருந்தால் தெரிந்தே தீரும்' என்று முடிவு கட்டுகிறார். பொழுது சாய்கிறது, எல்லாம் இருட்டு. வெளிச்சம் என்று ஒன்று இத்தனை நேரமும் வேலை செய்துகொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. இமாம் கேட்கிறார்: தீக்கும் பஞ்சுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருந்து, அது ஒருபோதும் அஸ்தமிக்காததாக இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? காரணத்தைப் பற்றிப் பேச அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பார்வைதான் என்பதால் வைகைக்கரையின் கட்சிக்கு இது வலு.

அடுத்தது குதிரை. எதிராளி மடக்குகிறார்: "அப்படியானால் நான் வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் குதிரையாகி, நூலகம் முழுக்க மூத்திரமும் லத்தியுமாக ஆக்கியிருக்கலாம். குடத்துத் தண்ணீர் ஆப்பிள் மரமாகியிருக்கலாம். கடவுளால்தான் எல்லாம் முடியுமே!" இந்தக் கேலியை எதிராளியின் வாயில் போட்டு எழுதியவர் கஸ்ஸாலியேதான். தன்னைத் தாக்குவதற்கு இதைவிட நல்ல ஆயுதத்தை எதிராளியே செய்திருக்க முடியாது. அவர் பதில்: நடக்க முடியும் என்பது வேறு, நடக்கிறது என்பது வேறு. அது நடக்கவில்லை என்ற அறிவையும் அல்லாஹ்தான் நமக்குள் படைக்கிறான். வழக்கம் மீண்டும் மீண்டும் தொடர்வதால் அந்த அறிவு மனத்தில் ஆடாமல் பதிந்துவிடுகிறது.

இன்னொன்று. அதே விவாதத்தில் இமாம் இரண்டாவது வழி ஒன்றையும் திறந்து வைக்கிறார். தீக்கு எரிக்கும் இயல்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் அதைத் தடுக்கலாம். உடம்பில் டால்க் பூசிக்கொண்டு எரியும் உலையில் உட்காருகிறவரை உதாரணம் காட்டுகிறார். இப்ராஹீம் நபி தீயிலிருந்து மீண்டதற்கு இரண்டு வழியிலும் இடமிருக்கிறது. எனவே கஸ்ஸாலி தீயின் இயல்பை அடியோடு மறுத்தவரா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை.

---

லேத்பட்டறை எழுதியது:

கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. வெல்டிங் டார்ச் பிடிக்கிறவனிடம் போய், எரிப்பது தீ இல்லை என்று சொன்னால் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். யார் எரித்தால் என்ன, கை சுடுகிறது. இந்த வித்தியாசத்தால் உலகத்தில் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு இடம் மாறுமா?

---

வைகைக்கரை எழுதியது:

லேத்பட்டறை சார், இதே எரிச்சல்தான் இப்னு ருஷ்துக்கும். கோர்டோபாக்காரர் (1126–1198), நீதிபதி, வைத்தியர். கஸ்ஸாலியின் மறுப்புக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார். நட்டும் போல்ட்டும் மாறும் என்பது அவர் பதில். ஒரு பொருளுக்கு அதற்கே உரிய செயல் இல்லை என்றால் அதற்கே உரிய இயல்பு இல்லை. இயல்பு இல்லை என்றால் அதற்குத் தனிப் பெயரும் இலக்கணமும் எதற்கு? தீ எது, தண்ணீர் எது என்று பிரிக்கவே வழியில்லாமல் போகும். அறிவு என்பதே பொருள்களை அவற்றின் காரணங்களோடு அறிவதுதான், எனவே காரணத்தை மறுக்கிறவன் அறிவையே மறுக்கிறான் என்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, வழக்கம் என்ற பேச்சை அவர் குறுக்கு விசாரணை செய்கிற இடம். யாருடைய வழக்கம்? கடவுளுடையதா? வழக்கம் செய்து செய்து படிவது, கடவுளுக்கு அது ஒட்டாது. பொருள்களுடையதா? உயிரற்றதற்கு வழக்கம் கிடையாது, இயல்புதான் உண்டு, அதைத்தான் நீங்கள் மறுக்கிறீர்கள். நம்முடையதா? அப்படியானால் அது நம் அறிவு தீர்ப்புச் சொல்லும் பாங்கு, அவ்வளவுதான். இந்த மூன்றாவது கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, கஸ்ஸாலிக்கு இதில் லாபம் எதுவும் இல்லை என்று சாத்திவிட்டுப் போகிறார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து ஹ்யூம் உள்ளே நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். ஹ்யூமின் முன்னோடி யார் என்று பட்டியல் போடுகிறவர்கள் கஸ்ஸாலியைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இடத்துக்கு மிக அருகே போய் வந்தவர் கஸ்ஸாலியின் எதிராளி.

---

திரிசிரபுரம் எழுதியது:

செமினரியில் தத்துவம் படித்தவன் என்ற முறையில் லத்தீன் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரத்தில், கஸ்ஸாலி மறுத்த தத்துவவாதிகளில் முதன்மையானவரான இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூலை மொழிபெயர்த்தார்கள். அவெந்தவுத் என்ற யூத அறிஞர் அரபியைச் சொல் சொல்லாக ஊர்ப் பேச்சில் சொல்ல, குந்திசால்வி என்ற பாதிரியார் அதை லத்தீனில் எழுதிக்கொண்டார். கஸ்ஸாலியின் 'தஹாஃபுத்' அப்போது வரவில்லை. தத்துவவாதிகளின் கருத்துகளை அவர் சுருக்கித் தொகுத்த இன்னொரு நூல் மட்டும் வந்தது. விளைவு, லத்தீன் உலகம் அவரை இப்னு சீனாவின் சீடர் என்றே ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தது! 'தஹாஃபுத்' இப்னு ருஷ்தின் மறுப்புக்குள் பொதிந்தபடி லத்தீனில் வந்தது 1328இல், நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட்டுக்காக கலோனிமஸ் என்ற யூத அறிஞர் செய்த மொழிபெயர்ப்பில்.

கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினா (1225–1274) இந்த வாதங்களைத் தெரிந்துகொண்டது மைமோனிடிஸ் என்ற யூதத் தத்துவவாதி வழியாக. 'சும்மா கோன்ட்ரா ஜென்டிலெஸ்' என்ற அவருடைய நூலின் மூன்றாம் பகுதி 69ஆம் அத்தியாயத்தில் பதில் இருக்கிறது. பொருள்களிடமிருந்து செயலைப் பிடுங்கிக் கடவுளுக்குக் கொடுத்தால் கடவுளைப் பெரிதாக்கியது போலத் தோன்றும், ஆனால் படைப்பின் நிறைவைக் குறைப்பது படைத்தவரின் வல்லமையைக் குறைப்பதுதான் என்கிறார். அடுத்த அத்தியாயம் இன்னும் நுட்பம். எரிதல் என்ற விளைவு முழுக்கத் தீயினுடையது, முழுக்கக் கடவுளுடையதும்கூட. பாதி அவருக்கு, பாதி இதற்கு என்று பாகப்பிரிவினை கிடையாது. இரண்டும் வேறு வேறு தளத்தில் காரணம்.

பார்வைக்கு வருகிறேன். மரத்தின் நிறம் காற்று வழியாகப் பரவிக் கண்ணில் ஒரு பதிவை உண்டாக்குகிறது. ஸ்பீசியஸ் என்பார்கள். கண்மணி பச்சையாக மாறுவதில்லை, ஆனால் பச்சையின் வடிவத்தை ஏற்கிறது. முக்கியமாக, நாம் அந்தப் பதிவைப் பார்ப்பதில்லை. அதன் வழியாக மரத்தைப் பார்க்கிறோம். அவருடைய இன்னொரு நூலான 'சும்மா தியோலோஜியே' முதல் பகுதி, 85ஆம் கேள்வி, 2ஆம் பிரிவு. இதைப் படித்த பிறகும் அக்குவினா மண்டைக்குள் படம் ஓட்டினார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

மலைவேம்பு எழுதியது:

நான் மூளைக் காயம் பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் பிரிவில் வேலை செய்கிறேன், தத்துவம் படித்தவள் இல்லை. திரிசிரபுரம் அண்ணா சொன்ன 85க்கு முந்தைய கேள்வியைப் புரட்டியபோது அசந்துபோனேன். அறிவுக்கு உடல் உறுப்பு கிடையாது என்று அடித்துச் சொல்கிற அதே அக்குவினா, 84ஆம் கேள்வி 7ஆம் பிரிவில், மூளைக்காய்ச்சல் கண்டவரும் மந்தநிலையில் கிடப்பவரும் முன்பே கற்றதைக்கூட நினைக்க முடியாமல் போவது ஏன் என்று கேட்கிறார். அறிவு கெட்டுப்போகவில்லை, ஆனால் அது வேலை செய்ய உள்ளே தோன்றும் உருவங்கள் வேண்டும், அந்த உருவங்களைத் தரும் உறுப்பு பழுதாகிவிட்டது என்பது அவர் விளக்கம். யாரையும் வார்டில் பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு இடம் 78ஆம் கேள்வி, ஆடும் ஓநாயும். ஆடு ஓநாயைக் கண்டு ஓடுவது அதன் நிறமோ உருவமோ அசிங்கமாக இருப்பதால் இல்லை, அது பகை என்பதால். பகை என்பதற்கு நிறம் கிடையாது, ஓசை கிடையாது. ஐந்து புலனில் எதுவும் தராத ஒன்றை ஆடு எப்படி உணர்கிறது? அதற்கென்று உள்ளே தனிப் புலன் இருக்கிறது என்கிறார்கள். இது இப்னு சீனாவிடமிருந்து வந்தது என்று அடிக்குறிப்பில் பார்த்தேன். மனிதரிடத்தில் அதே சக்தி தனிப்பட்டவற்றை ஒப்பிட்டு எடைபோடுகிறது, வைத்தியர்கள் அதைத் தலையின் நடுப்பகுதியில் வைக்கிறார்கள் என்று அக்குவினா குறிப்பிடுகிறார்.

என் கேள்வி: பதிவு கண்ணில் விழுந்துவிட்டால் பார்வை நடந்துவிடுமா? எங்களிடம் வருகிறவர்களில் மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலர் தங்கள் இடப்பக்கத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். கண் நன்றாக இருக்கும். தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, போதவில்லை என்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியும் காலியாகும். இடது பாதியின் பதிவு எங்கே போனது?

---

திரிசிரபுரம் எழுதியது:

தங்கச்சி, அருமையான கேள்வி. இதை நேராகப் பிடித்தவர் பியர் ஒலிவி (1248–1298), பிரான்சிஸ்கன் சபைத் துறவி. பதிவு வந்து மோதுவதால் பார்வை பிறக்கிறது என்பதையே அவர் ஏற்கவில்லை. மனம் தன்னைப் பொருளை நோக்கித் திருப்ப வேண்டும், அந்தத் திரும்புதல்தான் பார்வைக்கு முதல் காரணம். பொருள் வெறும் இலக்கு. மேலும், நடுவே பதிவு என்று ஒன்று இருந்தால் மனம் அதில்தான் போய் நிற்கும், அது பொருளைக் காட்டுவதற்குப் பதில் திரைபோட்டு மறைக்கும் என்றார். ஒலிவியைப் படித்தவர்கள் குறைவு. அவர் இறந்த பிறகு சபையே அவர் நூல்களை ஒதுக்கி வைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

மனம் என்று வந்துவிட்டதால், அக்குவினா உண்மையிலேயே கொதித்த சண்டையையும் சொல்ல வேண்டும். இப்னு ருஷ்தின் அரிஸ்டாட்டில் உரையைப் பிடித்துக்கொண்டு, அறிவு என்பது மனித இனம் முழுமைக்கும் ஒன்றே ஒன்று என்று பாரிஸில் சீஜர் என்ற ஆசிரியரைப் போன்றவர்கள் கற்பித்தார்கள். அந்த ஒரே அறிவு என் உள்ளே இருக்கும் உருவங்களைப் பயன்படுத்திச் சிந்திக்கிறது, அதனால் நான் சிந்திக்கிறேன் என்று ஆகிறது, இது அவர்கள் கணக்கு. 1270இல் அக்குவினா தனி நூலே எழுதி மறுத்தார். அவர் காட்டியது ஒரு சுவரை. சுவரில் நிறம் இருக்கிறது, அந்த நிறத்தின் பதிவு என் கண்ணில் இருக்கிறது. அதற்காகச் சுவர் பார்க்கிறது என்போமா? பார்க்கப்படுகிறது என்போம். அதுபோல என் உள்ளுருவங்களை வேறொரு அறிவு பயன்படுத்தினால் நான் சிந்திப்பவன் இல்லை, சிந்திக்கப்படுகிறவன். 'இந்தத் தனி மனிதன் சிந்திக்கிறான்' என்பதுதான் விளக்கப்பட வேண்டிய விஷயம், அதையே தொலைத்துவிட்டு என்ன விளக்கம்?

ஆனால் இறுதிச் சிரிப்பு இத்தாலியக் கவிஞர் தாந்தேயினுடையது. தன் காவியத்தில் வரும் சொர்க்கத்தில் சீஜரையும் அக்குவினாவையும் ஒரே வட்டத்தில் நிறுத்தி, சீஜரை அக்குவினா வாயாலேயே புகழவும் வைத்துவிட்டார்.

---

லேத்பட்டறை எழுதியது:

படிக்கப் படிக்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் கடவுள்தான் முதல் காரணம் என்ற இவர்களுடைய வாதம் பெருவெடிப்போடு முடிந்துபோயிற்றே? அதோடு இதெல்லாம் பாரிஸ் சமாச்சாரம். நம் மொழியில் யாராவது தொட்டிருக்கிறார்களா?

---

திரிசிரபுரம் எழுதியது:

முதல் காரணம் என்றால் காலத்தில் முதல் என்று எடுத்துக்கொள்வதால் வருகிற குழப்பம் அது. கை கோலைத் தள்ளுகிறது, கோல் கல்லைத் தள்ளுகிறது. கை நின்றால் இந்த நொடியே எல்லாம் நிற்கும். அக்குவினாவும், அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸும் பேசுவது இந்த வகைச் சங்கிலியை. தாத்தா, அப்பா, மகன் என்று பின்னோக்கிப் போகும் சங்கிலியை இல்லை. தாத்தா செத்துப் போயிருந்தாலும் அப்பா பிள்ளை பெறுவார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது என்பது அக்குவினாவின் வெளிப்படையான நிலைப்பாடு. ஆகவே பெருவெடிப்பு அவர் வாதத்தை வளர்க்கவும் இல்லை, வெட்டவும் இல்லை.

தமிழில் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் இதே ஸ்கொலாஸ்டிக் பள்ளியில், அதாவது இடைக்காலக் கிறித்தவத் தத்துவ மரபில், படித்தவர். அவருடைய 'ஆத்தும நிர்ணயம்' அந்தப் பள்ளியின் ஆன்மாக் கோட்பாட்டைத் தமிழ் உரைநடையில் வாதாடுகிற நூல். நடை கரடுமுரடு, பொறுமை வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

சரி, இப்போது 1277. அக்குவினா இறந்து சரியாக 3 வருடம் கழித்து அதே மார்ச் 7ஆம் தேதி, பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே 219 கருத்துகளைத் தடை செய்தார். பட்டியல் அவசரத்தில் தயாரானது, வரிசை கிடையாது, சில கருத்துகளை யார் சொன்னார்கள் என்றே தெரியாது. அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது: இரண்டாம் நிலைக் காரணத்தின் (தீ, மரம் போன்ற படைக்கப்பட்ட காரணத்தின்) விளைவை அந்தக் காரணம் இல்லாமல் கடவுளால் உண்டாக்க முடியாது என்ற கருத்து தடை. அதாவது, முடியும் என்றுதான் இனிச் சொல்ல வேண்டும். கஸ்ஸாலி வாதாடி அடைந்த இடத்துக்குப் பாரிஸ் ஓர் உத்தரவின் மூலம் வந்து சேர்ந்தது.

இதற்கு மேல் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'கடவுள் குறுக்கிடாவிட்டால்.' ஸ்கோட்டஸ் (1308இல் கொலோனில் இறந்தார்) சமாளிக்கப் பார்த்தார். சுதந்திரமில்லாத ஒரு காரணத்திலிருந்து பெரும்பாலும் எது நடக்கிறதோ அது அந்தக் காரணத்தின் இயல்பான விளைவு என்று ஒரு விதி செய்தார். நல்ல விதிதான், ஆனால் 'பெரும்பாலும்' என்பதில்தான் ஆயிரம் ஓட்டை.

பார்வைப் பக்கம் பியர் ஓரியோல் என்ற பிரான்சிஸ்கன் இறையியலாளர் வந்தார் (இறப்பு 1322). அவர் அடுக்கிய உதாரணங்களைப் பாருங்கள்: படகில் போகும்போது கரையில் மரங்கள் நகர்வது, தண்ணீரில் பாதி அமிழ்ந்த கோல் ஒடிந்து தெரிவது, சுழற்றிய கோல் காற்றில் வட்டமாகத் தெரிவது, புறாக் கழுத்தில் மாறும் நிறங்கள், சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்குள் நிற்கும் பொட்டு. அந்த வட்டம் எங்கே இருக்கிறது? கோலில் இல்லை, காற்றில் இல்லை. தோற்றமாக இருத்தல் என்று ஒருவகை இருப்பு அதற்கு உண்டு என்றார். நன்றாகப் பார்க்கும்போதும் பொருள் அப்படித் தோற்றமாகத்தான் நமக்கு வருகிறது, வித்தியாசம் என்னவென்றால் அப்போது தோற்றமும் பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன என்றும் சேர்த்தார். பலருக்கு இது பிடிக்கவில்லை. தோற்றத்தைத்தான் பார்க்கிறோம் என்றால் மரத்தை எப்போது பார்ப்பது?

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ஓக்கம் (இறப்பு 1347, மியூனிக்) பதிவும் வேண்டாம், தோற்றமும் வேண்டாம் என்று எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினார். மரம் இருக்கிறது, மனம் இருக்கிறது, மரத்தால் நேரடி அறிதல் ஒன்று மனத்தில் பிறக்கிறது, முடிந்தது. காந்தம் தொடாமலே இரும்பை இழுக்கவில்லையா, நடுவில் எதற்குத் தரகர்? ஆனால் 1277 சும்மா விடுமா? ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடவுள் நட்சத்திரத்தை அழித்துவிட்டு, என் பார்வையை மட்டும் அப்படியே காத்து வைக்கலாம். இல்லாத பொருளின் நேரடி அறிதல்! ஓக்கம் அசரவில்லை. அந்த நேரடி அறிதல் 'நட்சத்திரம் இல்லை' என்றுதான் சரியாகத் தீர்ப்புச் சொல்லும் என்றார். கடவுள் நினைத்தால் எனக்குள் ஒரு பொய் நம்பிக்கையை ஊட்டலாம், ஆனால் அதை நேரடி அறிதல் என்று சொல்லக்கூடாது என்றும் காத்துக்கொண்டார். புத்திசாலித்தனமான பதில். ஆனால் உள்ளே இருந்து பார்க்கிற எனக்கு இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

---

காயல்காற்று எழுதியது:

ஓக்கம் காரணம் பற்றிச் சொல்கிற இடத்தையும் சேருங்கள். தீ பட்டால் எரிகிறது, ஆனால் தீ இருக்கும்போதெல்லாம் கடவுளே எரிப்பதாக ஏற்பாடு இருக்கலாம். எனவே எந்த விளைவும் இரண்டாம் நிலைக் காரணத்தால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது என்கிறார். அவ்வளவு ஏன், எதிரே நிற்பவர் மனிதர்தான் என்றுகூட அவருடைய செயல்களை வைத்து நிரூபிக்க முடியாது, மனிதர் செய்வதாக நாம் காண்பதை எல்லாம் ஒரு வானவர் செய்துகாட்ட முடியும் என்கிறார். இருந்தாலும் ஓக்கம் கஸ்ஸாலி அல்ல. தீக்குச் செயல் உண்டு என்றே நம்பினார், நிரூபணம்தான் இல்லை என்றார்.

---

வைகைக்கரை எழுதியது:

நன்றி பாய். இனி ஓத்ரகூர்.

1330களில் அரெட்சோ ஊர் பெர்னார்டு என்ற பிரான்சிஸ்கன் துறவி, ஒரு பொருள் தெளிவாகத் தெரிவதை வைத்து அது இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்று பாரிஸில் கற்பித்தார். ஓக்கம் விட்ட இடத்திலிருந்து ஓர் அடிதான். நிக்கொலா அவருக்குக் கடிதம் எழுதினார். முதல் கடிதம் முழுக்க, 'நீங்கள் சொல்வதை ஒத்துக்கொண்டால் என்னென்ன தொலையும்' என்ற பட்டியல். வானமும் பூமியும் இருப்பது உமக்கு நிச்சயமில்லை. போப்பாண்டவர் இருப்பது நிச்சயமில்லை. உமக்குத் தலை இருக்கிறதா, தாடி இருக்கிறதா, முடி இருக்கிறதா என்பதும் நிச்சயமில்லை. கிறிஸ்து சிலுவையில் பாடுபட்டதை அப்போஸ்தலர்கள்கூட நிச்சயமாக அறிந்திருக்கவில்லை. ஒரு துறவிக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கடைசி வரி எப்படிக் குத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை வைத்துத்தான் நிக்கொலாவை எல்லாவற்றையும் சந்தேகித்தவர் என்கிறார்கள். ஆனால் அவர் பெர்னார்டுக்கு எதிராக வாதாடுகிறார்! ஐம்புலனுக்கு எட்டியவையும் என் செயல்களும் எனக்கு நிச்சயம் என்று அதே கடிதத்தில் சொல்கிறார். குண்டு இரண்டாம் கடிதத்தில்தான் இருக்கிறது. நிச்சயம் என்பது ஒரே தரம்தான்: மறுத்தால் முரண்பாடு வர வேண்டும். ஒரு பொருள் இருக்கிறது என்பதிலிருந்து வேறொரு பொருள் இருக்கிறது என்று சொன்னால், மறுப்பதில் முரண்பாடு வராது. தீ இருக்கிறது, எரிதல் இல்லை என்பதில் என்ன முரண்? நிறமும் மணமும் இருக்கின்றன, அடியில் அவற்றைத் தாங்கும் பொருள் இல்லை என்பதில் என்ன முரண்? எனவே தன் ஆன்மாவைத் தவிர எந்தப் பொருளைப் பற்றியும் அரிஸ்டாட்டிலுக்கே நிச்சய அறிவு இருந்ததில்லை என்று எழுதிவிட்டார்.

1340இல் அவரை அப்போது போப் இருந்த அவினியோனுக்கு வரச்சொல்லி அழைப்பாணை போனது. விசாரணை இழுத்து, 1346இல் தீர்ப்பு. 1347 நவம்பர் 25 அன்று பாரிஸில் தன் கருத்துகளைத் தானே மறுத்துரைத்து, எழுதியதைத் தீயிலிட வேண்டியிருந்தது. தீ தன் வேலையைச் செய்தது. பின்னாளில் மெட்ஸ் பேராலயத்தில் டீனாக நல்ல நிலையில்தான் இருந்தார்.

---

லேத்பட்டறை எழுதியது:

ஆக எல்லாம் போயிற்று, தாடி உட்பட. அதற்கப்புறம் இவர்கள் எந்த நம்பிக்கையில் இயற்கையைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்?

---

திரிசிரபுரம் எழுதியது:

அந்தக் கேள்விக்குத்தான் ஜான் பூரிதான். 1328லும் 1340லும் பாரிஸ் பல்கலைக்கழக ரெக்டர், வாழ்நாள் முழுக்கக் கலைப்பிரிவு ஆசிரியர். நிச்சயத்துக்கு ஒரே தரம்தான் என்பதையே அவர் மறுத்தார். முரண்பாட்டைக் காட்டி நிறுவும் நிச்சயம் கணக்குக்கு. இயற்கை அறிவுக்கு வேறு தரம்: இயற்கையின் பொதுவான போக்கு நடக்கிறது என்ற அனுமானத்தின் மேல் தீ சுடும் என்பது நிச்சயம். கடவுள் மாற்றலாம், மாற்றினால் மாறட்டும், அதனால் இந்த அறிவு அறிவு இல்லை என்று ஆகாது. அதற்கும் கீழே நடைமுறை நிச்சயம் என்று மூன்றாவது ஒன்று. ஒரு நீதிபதி சட்டப்படி விசாரிக்கிறார், சாட்சியமெல்லாம் ஒருவனைக் காட்டுகிறது, தூக்கிலிடுகிறார். அவன் நிரபராதியாகவே இருந்தாலும் நீதிபதி சரியாகவே செயல்பட்டார் என்கிறார். கணித நிச்சயத்தை எல்லாத் துறையிலும் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள் இயற்கை அறிவையும் ஒழுக்க அறிவையும் கொல்லப் பார்க்கிறார்கள் என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். எறிந்த கல் கையை விட்ட பிறகும் ஏன் போகிறது என்பதற்கு உந்தம் என்ற விளக்கம் தந்தவரும் இவரேதான்.

---

லேத்பட்டறை எழுதியது:

டாலரன்ஸ் (அளவில் இவ்வளவு வரை பிசகலாம் என்ற வரம்பு) வைத்து வேலை செய்கிறவனுக்கு பூரிதான் சொல்வது உடனே புரிகிறது. ஆனால் நீதிபதி விஷயத்தில் உடன்பாடில்லை. அளவு தப்பினால் துண்டைத் தூக்கிப் போட்டு வேறு கடையலாம், தூக்கில் போட்டவனை என்ன செய்வது? தவறு வந்தால் திருத்த வழி இருக்கிற இடத்தில்தான் அந்த மூன்றாவது தரம் செல்லும் என்று பூரிதான் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

---

திரிசிரபுரம் எழுதியது:

அது நியாயமான வெட்டு. நானும் வைகைக்கரையின் மூலக் கட்சியில் ஒரு வெட்டு போட்டுவிடுகிறேன். தீ எரிப்பதும் மரம் தெரிவதும் ஒரே கேள்வி என்கிறீர்கள். அக்குவினாவுக்கு அது பொருந்தாது. அவருக்குப் பார்வை என்பது மரம் என்னை இடிப்பது மட்டும் இல்லை. மரத்தின் அதே வடிவம் வேறு முறையில் என்னிடம் இருப்பது. வெளியிலிருந்து தள்ளுகிற காரணம் ஒன்று, உள்ளிருந்து ஒரு பொருளை அதுவாக ஆக்குகிற வடிவம் வேறொன்று. முதலாவதின் வேலையைக் கடவுள் ஈடுகட்டலாம். இரண்டாவதின் இடத்தில் அவர் தானே போய் நிற்க முடியாது என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கடவுள் ஒரு கல்லின் வடிவமாக இருக்க முடியாது. ஆகவே அக்குவினாவின் பார்வையில் உங்கள் கணக்கு ஓடாது.

---

வைகைக்கரை எழுதியது:

அதனால்தான் 1300க்குப் பிறகு என்று முதல் பதிவிலேயே எழுதினேன் அண்ணா. நீங்கள் சொல்கிற வடிவம் பார்வைக்குள் இருந்தவரை பார்வை தீ, பஞ்சு வரிசையில் வராது. அந்த வடிவத்தைச் சுமந்து வந்தது எது? ஸ்பீசியஸ் என்ற பதிவு. ஒலிவி அதைத் திரை என்றார், ஓக்கம் தேவையில்லாத தரகர் என்று வெளியே அனுப்பினார். இருவருக்கும் நோக்கம் ஒன்றுதான்: மனத்துக்கும் மரத்துக்கும் நடுவே எதுவும் நிற்கக்கூடாது, பார்வை இன்னும் நேரடியாக வேண்டும். பதிவு போனதும் மிஞ்சியது மரம் மனத்தில் விளைவிக்கும் ஒரு விளைவு மட்டும். வெளியிலிருந்து வரும் விளைவு என்றால் அதைக் கடவுள் ஈடுகட்டலாம், தாம்பியேயின் உத்தரவு ஏற்கெனவே அங்கே காத்திருந்தது. மரத்துக்கு மிக அருகே போக நினைத்தவர்கள்தான் மரமே இல்லாமல் பார்க்கிற வாசலைத் திறந்துவிட்டார்கள். பெர்னார்டின் தாடி காணாமல் போனது அந்த வழியாகத்தான், கஸ்ஸாலி வழியாக அல்ல.